பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு பிரதமர்

பாரிசில், எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில் பெரியப்பா நடத்திய பலசரக்குக் கடையில், பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். வழுக்கைத் தலை, கத்தரித்த மீசை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பெரியம்மா சாமிப்படங்களுக்குச் சந்தனப்பொட்டு வைக்கும்போது அவரையும் விடமாட்டார். புதிதாக வரும் சனம், செத்துப்போன உறவினர் யாரோ என்று நினைத்து முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளும்.

அவர் இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு இங்கிலாந்தை ஆண்ட பிரதமர். பெரியப்பா பாரிசுக்கு வருமுன் லண்டனில் இருந்தவர். அங்கேதான் அவருக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். ஒரு சதமும் கேட்கவில்லை. காசில்லாமல் வைத்தியம் பார்க்கும் அந்தச் சட்டம் இந்தப் பிரதமர் காலத்தில் வந்தது என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்ன நாளிலிருந்து பெரியப்பாவுக்கு இவரும் ஒரு சாமி.

உணவகத்தில் சமைக்கும் என் அப்பாவுக்கு அந்தப் படத்தைக் கண்டாலே ஆகாது. இலங்கைக்குச் சுதந்திரம் என்று சொல்லித் தமிழரை அம்போவென்று விட்டுப் போனவர் என்பார்.

“அண்ணை, உங்களைத் தைச்சவன்தான் எங்களைக் கிழிச்சிட்டுப் போனவன்,” என்றார் ஒருநாள். படம் இருக்கும்வரை கடைப்படி மிதிக்கமாட்டேன் என்று போனவர், மூன்று வாரம் வரவில்லை.

பெரியம்மா என்னைப் பிடித்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகக் கண்டவள் பதினொரு வயதான நான் மட்டும்தான்.

“இவள் வாசிச்சுச் சொல்லட்டும். பிறகு ரண்டு பேரும் வாய் திறக்கக்கூடாது.”

நூலகத்தில் அவரைப் பற்றிய தடித்த புத்தகத்தை எடுத்தேன். கூச்சக்காரர், அதிகம் பேசாதவர், இடிந்து கிடந்த நாட்டில் ஏழைக்கும் வைத்தியம் உண்டு என்று ஆக்கியிருக்கிறார். அந்த இடத்தை இரண்டு முறை வாசித்தேன். அடுத்த அத்தியாயத்தில், அவசரமாகக் கைவிட்ட நாடுகளும் இந்தியாவைப் பிரித்த எல்லைக்கோட்டின் இருபுறமும் செத்தவர்களும் வந்தார்கள். எங்கள் தீவுக்கு ஒரே ஒரு வரி. அதில் தமிழர் என்ற சொல் இல்லை.

வெள்ளிக்கிழமை, அரிசி மூட்டைகளுக்கு முன்னால் நின்று நான் குறித்து வைத்திருந்த இரண்டு பக்கங்களையும் தமிழில் சொன்னேன். அப்பா படி மிதிக்காமல் வாசலில் நின்றார். நோயாளியிடம் மருந்துக்குக் காசு கேட்கக்கூடாது என்ற இடம் வந்ததும் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். கடைசியில், இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்று தீர்ப்புச் சொன்னேன்.  

அப்பா உள்ளே வந்தார். படத்தைக் கழற்றினார். சட்டைக் கையால் பொட்டைத் துடைத்து, எதிர்ச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் கொளுவினார்.

“சாமியளோடை வேண்டாம் அண்ணை. மனிசன்தானே. இஞ்சை இருக்கட்டும்.”

“ஓம்,” என்றார் பெரியப்பா. 

இரண்டு பெரிய மனிதரை நான் வாசித்து அடக்கிவிட்டேன் என்று பல நாள் தலை நிமிர்ந்து திரிந்தேன். அப்பா ஏன் திரும்பி நின்றார் என்று பெரியம்மா சொன்னது, நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான். லண்டனில் பெரியப்பாவின் நெஞ்சைத் தைத்த அதே மாதம், போருக்குள் கிடந்த ஊரில் அவர்களின் ஒரே தங்கை, என் அத்தை, மருந்து கிடைக்காமல் கண்ணை மூடியிருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவர் அப்பா.

என் இரண்டு பக்கங்களில் அத்தைக்கு ஒரு வரிகூட இல்லை.