அவளுக்கு என்னென்ன தெரியாது

என் அக்கா பஸ் கண்டக்டர். அவள் பின்படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தால் முன்னால் டிரைவரின் தூக்கம் கலையும் என்று டிப்போவில் பேச்சு. டிரைவர் தூங்கலாமா என்று கேட்பீர்கள். அது வேறு கதை. வீட்டிலும் அவளுக்கு அதே குரல்தான்.

அவள் மகளை நான் வாலு என்று கூப்பிடுவேன். மூன்றாம் வகுப்பு. ஆட்டிசம் இருக்கிறது. சொந்தமாக வாக்கியம் பேச மாட்டாள். மற்றவர்கள் பேசியதைக் காதில் வாங்கி வைத்திருந்து, வேண்டிய இடத்தில் அதே குரலில் எடுத்துவிடுவாள். பெரும்பாலும் அம்மாவின் சரக்கு. வயிறு நிறைந்தால் தட்டைத் தள்ளி, "இடமில்ல, அடுத்த பஸ்ல வாங்க" என்பாள். விருந்தாளிகள் கிளம்பாமல் இருந்தால், "கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்குங்க." ஒருவர் கோபித்துக்கொண்டு அதன்பின் வரவே இல்லை. அந்த வகையில் எங்களுக்கு லாபம்தான்.

வகுப்பில் அவள் பக்கத்திலேயே உட்கார ஒரு துணை டீச்சர் உண்டு. அந்த டீச்சர் தொடர வேண்டுமா என்று வருடாவருடம் கல்வி அலுவலகத்தில் ஒரு குழு முடிவு செய்யும். போன வருடம் அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், மகள் தானாகவே ஷூ போடுகிறாள் என்று பெருமையடித்தாள். குழு மனதாரப் பாராட்டிவிட்டு டீச்சரைப் பாதி நாளாகக் குறைத்தது. பிறகு ஒரு மதியம் வாலு அந்த ஷூவைத் தானாகவே போட்டுக்கொண்டு பள்ளி கேட்டைத் தாண்டிப் போனாள். நடுரோட்டில் நின்றவளை ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து தூக்கினார். அக்கா அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆகவே இந்த வருடம் பெருமை கிடையாது, தெரியாததை மட்டும் சொல்வது என்று முடிவு. மச்சானுக்கு பேக்கரியில் இரவு வேலை, பகலில் தூங்குவார். இந்த மாதிரிப் படையெடுப்புகளுக்கு நான்தான் துணை. போகிற பஸ்ஸில் அக்கா வழியெல்லாம் ஒப்பித்துப் பார்த்தாள்.

"நான் ஏதாவது நல்லதா சொல்ல ஆரம்பிச்சா என் காலை மிதிடா."

"எவ்வளவு பலமா?"

"நான் நிறுத்துற அளவுக்கு."

அந்த அளவுக்கு எனக்குப் பலம் கிடையாது. இருந்தாலும் தலையாட்டினேன்.

குழுவில் ஒரு தலைவியம்மா, ஒரு டாக்டர், ஒரு அதிகாரி. வாலு மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அக்கா பிசிறில்லாமல் தொடங்கினாள்.

"தனியா ரோடு கடக்க அவளுக்குத் தெரியாது. பசிச்சா கேட்கத் தெரியாது. யாராவது அடிச்சா வந்து சொல்லத் தெரியாது. ஆபத்துன்னா என்னன்னே அவளுக்குத் தெரியாது."

எல்லாம் உண்மை. அதிகாரி எழுதிக்கொண்டே போனார். டாக்டர் ஒரு கலர் பென்சிலை வாலுவிடம் நீட்டி, "ஒரு வட்டம் போடு கண்ணு" என்றார். வட்டம் போடுவதில் வாலு கில்லாடி; எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் வட்டம்தான். அவள் பென்சிலைத் தொடவில்லை.

"அவளுக்குத் தெரியாது" என்றாள். அச்சு அசல் அக்காவின் குரல்.

அக்கா சட்டென்று மகள் பக்கம் திரும்பினாள். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

"அதை அடிச்சுடுங்க சார்" என்றாள் அக்கா.

"எதைம்மா?"

"இப்ப எழுதினதை. அவளுக்கு வட்டம் போடத் தெரியும். ஷூ போடத் தெரியும். எந்த பஸ் எங்க போகும்னு தெரியும்."

காலை மிதித்தேன். அவள் பதிலுக்கு மிதித்தாள். அவளுடையது டூட்டி ஷூ.

"நான் மனசு சரியில்லாம வந்தா, யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். பக்கத்துல வந்து சாஞ்சு உட்காருவா."

தலைவியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "நல்ல முன்னேற்றம்மா! அப்ப பாதி நாளே போதுமே."

"போதும்னே எழுதுங்கம்மா. மத்தியானத்துக்கு மேல இவ கேட்டைத் தாண்டிப் போனா யாரு பொறுப்புன்னு கீழ ஒரு வரி எழுதி, உங்கள்ல யாராவது ஒருத்தர் கையெழுத்து போட்டுக் கொடுங்க."

பேனா அதிகாரியிடமிருந்து டாக்டரிடம் போனது. டாக்டர் அதைத் தலைவியம்மாவிடம் தள்ளினார். அவர் மூடியை எடுத்துப் பேனாவை மூடினார். இந்த வருடம் முழுக்க முழு நாள் டீச்சர் என்று முடிவானது.

"ஜெயிச்சுட்டோம்க்கா" என்றேன் திரும்பும் பஸ்ஸில். அக்கா காதில் வாங்கவில்லை. மகளின் காதருகே குனிந்து, "அவளுக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ரகசியமாகச் சொல்வதாக அவள் நினைப்பு; பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா தெரியும்?" என்றார் முன்சீட்டுக்காரர்.

"நீங்க டிக்கெட் எடுத்தாச்சா?" என்றாள் அக்கா. அவர் திரும்பிக்கொண்டார்.

வாலு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை. எங்கள் ஸ்டாப்பில் எப்போதும் முதல் ஆளாகக் குதிப்பவள், கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

"அவளுக்குத் தெரியாது."

தூக்கி இறக்கலாம் என்று நான் கை நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். கீழே இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அந்த பஸ்ஸின் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். தன் பஸ்ஸை ஒருவருக்காகவும் ஒரு நொடிகூட நிறுத்தாதவள் என் அக்கா.

"அவளுக்குத் தெரியும்" என்றாள். "வண்டியை எடுக்காதீங்க."

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.