பரஸ்தானமாகப் போன கல்யாணப் பெண்

என் கல்யாணத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தது நானும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான்.

அப்பா அலோர் காஜா பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சங்கிலிக் கடிகாரம் இருக்கும். ராகுகாலம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். மாப்பிள்ளை வீடு மூவாரில். பஸ்ஸில் போனால் அம்மாவுக்கு வாந்தி வரும் என்று, மலாக்காவிலிருந்து கடல் வழியாகப் போகும் லாஞ்சில் போக ஏற்பாடு.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். தாய்மாமன் இன்னும் மலாக்காத் துறைக்கு வந்து சேரவில்லை. அவரை விட்டுவிட்டுக் கிளம்பவும் முடியாது. அப்பாவா சும்மா இருப்பார்? நல்ல நேரத்தில் ஒரு சாமானையாவது புறப்பட வைத்துவிட்டால், ஆட்கள் பிறகு எப்போது போனாலும் அந்த நேரத்தில் கிளம்பிய கணக்குதான். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டார் கொண்டுபோகும் கூறைப்புடவையும் தாலியும் இருந்த பெட்டியை லாஞ்சில் ஏற்றினார். காவலுக்கு என்னையும் ஏற்றி, "பெட்டிய விட்டு எந்திரிக்காதம்மா" என்றார்.

மாமா ஓடி வந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. அதுதான் பரஸ்தானம் வைத்தாயிற்றே, ஏறலாமே என்றார். எதற்கும் ராகுகாலமும் முடியட்டும் என்று அப்பா எல்லோரையும் மறித்து நின்றார். லாஞ்சு ஓட்டிய செராங்குக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. தண்ணீர் வற்றினால் ஆற்று வாயில் சேற்றில் மாட்டுவோம் என்று சங்கை ஊதிக் கயிற்றை அவிழ்த்தான். அப்பா சொல்லைத் தட்டாத பெண் நான். பெட்டியை விட்டு எழவே இல்லை. எழுந்தபோது எனக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் இருந்தது. அப்பா கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார்.

எனக்கு வந்த கோபத்துக்குப் பெட்டியைக் கடலில் தள்ளியிருப்பேன். கோபம் தணிந்ததும் பயம் வந்தது. தனியாக, அதுவும் ராகுகாலத்தில் கிளம்பி வந்த பெண்ணை எந்த மாமியார் வாசலில் ஏற்றுவாள்?

லாஞ்சு முழுக்கக் கோழிக் கூடையும், பெலாச்சான் என்கிற இறால் விழுதின் நாற்றமும். அலை தூக்கிப் போட்டதில் அம்மாவுக்கு வரவேண்டிய வாந்தி எனக்கு வந்தது. பக்கத்திலிருந்த மலாய்க்கார மக்சிக், நம் ஊர் அத்தை மாதிரி, என் தலையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணா, கூட யாரும் இல்லையா என்று மலாயில் கேட்டாள். அழுதுகொண்டே சொன்னேன். மூவார் வருவதற்குள் கோழிகளைத் தவிர எல்லோருக்கும் என் கதை தெரிந்துவிட்டது.

துறையில் மேளம் முழங்கியது. மக்சிக் என் கையைப் பிடித்து இறங்கினாள். கோழிக்காரச் சீனர் பெட்டியைத் தோளில் தூக்கி வந்தார். சம்பந்தி வீட்டார் யோசிக்க நேரமில்லாமல் இருவருக்கும் பன்னீர் தெளித்துச் சந்தனம் பூசினார்கள். சீனர் சந்தனத்தை மோந்து பார்த்துவிட்டு இன்னொரு கையையும் நீட்டினார்.

மாமியார் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாருமில்லை. நான் நடந்ததைச் சொல்லித் தேம்பினேன். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அழாதம்மா. தாலி வந்தாச்சு, பொண்ணும் வந்தாச்சு. மத்தவங்க சாப்பிடத்தானே வர்றாங்க" என்றார்.

அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மூன்று மணிக்கு எமகண்டம் தொடங்கியது. பஸ் பிடித்து வந்தாலும் மூவார் ஆற்றை ஃபெர்ரியில்தான் கடக்க வேண்டும். அப்பா அக்கரையிலேயே உட்கார்ந்துவிடுவார், நாலரைக்கு முன் எதிர்பார்க்க வேண்டாம் என்று மாமியாரிடம் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, அப்பா வாசலில் நின்றார். வேட்டியெல்லாம் புழுதி. மற்றவர்கள் தெருக்கோடியில்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

"எமகண்டத்துலயா ஆத்தத் தாண்டி வந்தீங்க?" என்றேன்.

"கெடியாரம் நின்னு போச்சும்மா. நேரம் தெரியல" என்று என் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

சட்டைப் பையில் கடிகாரம் ஓடும் சத்தம் என் காதில் நன்றாகவே கேட்டது.