பட்டியலில் இல்லாத பேச்சு

டென்மார்க்கின் மேற்குப் பக்கத்தில், ஆட்களை விடப் பன்றிகள் கூடிய ஒரு ஊரில், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் மூன்று வருடமாக இங்கிலிஷ் படிப்பித்து வருகிறேன். இதை எழுதும்போதே யாரோ முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது போலக் கிடக்கிறது. "உம்மட சேர்ட்டிபிக்கேட்டைக் காட்டும் பாப்பம்" என்று கேட்கத்தான் வந்து நிற்கிறார்கள். இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல மூன்று மறுமொழி ஆயத்தமாக வைத்திருக்கிறேன். மூன்றும் பொய் மாதிரித்தான் கேட்கும், ஆனால் அதில் ஒன்று உண்மை.

உண்மை என்னவென்றால், என்னுடைய இங்கிலிஷ் ஹோட்டல் இங்கிலிஷ். இங்கே வர முதல் டுபாயில் ஏழு வருடம் கட்டில் விரித்து, துவாய் மடித்து, கடைசியில் வரவேற்பு மேசை வரைக்கும் ஏறினவன் நான். "உங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி ஐயா", "தங்கியிருந்தது திருப்தியோ அம்மா" என்ற மாதிரி வசனங்கள் தண்ணீர் போல வரும். கோபிக்கவோ சண்டை பிடிக்கவோ இங்கிலிஷில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.

ஒருநாள் ஊர்க் கடையில் வழி தவறி வந்த ஒரு ஒல்லாந்துக்காரருக்கு அந்தப் பாணியில் வழி சொன்னேன். எனக்குப் பின்னால் பாலோடு நின்றவர் ஊர் மண்டபத்தின் தலைவி, முந்தித் தபால் கொடுத்துத் திரிந்தவர். மற்றக் கிழமையே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எங்கட ஆக்களுக்கு இங்கிலிஷ் கதைக்கப் பழக வேணும். பேரப்பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டிலை. நீர் வாறீரோ?"

"நான் வாத்தியார் இல்லை. யன்னல் செய்யிற தொழிற்சாலையிலை கண்ணாடி பூட்டுற ஆள்."

"நானும் தலைவி இல்லை, கூட்டத்துக்கு வராத நாளிலை என்னைத் தெரிவு செய்து போட்டாங்கள்" என்றார். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணி. ஏழு பேர் வருவார்கள், எல்லாரும் எழுபது தாண்டினவர்கள். முதலில் பாட்டுப் புத்தகத்தில் ஒரு பாட்டு, பிறகு அரை மணித்தியாலம் இங்கிலிஷ், பிறகு கோப்பியும் கேக்கும். கேக் முறை வைத்து. இதில் எது முக்கியம் என்று எனக்கு இரண்டாம் கிழமையே விளங்கிவிட்டது. ஆறு மாதத்தில் அவர்கள் எல்லாரும் டுபாய் வரவேற்பு மேசை மாதிரிக் கதைக்கத் தொடங்கினார்கள். உழவு மெசின் திருத்தின ஒரு மனிதர், பக்கத்தில் இருந்தவவுக்குச் சீனியைத் தள்ளிவிட்டு, "மை ப்ளெஷர், மடம்" என்றபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. என்னுடைய களவு எழுபத்தைந்து வயது வாய்களில் ஊரெல்லாம் திரிகிறதே!

அந்த ஏழு பேரில் ஒருவர் பன்றிப்பண்ணைக்காரர். மனைவி செத்துப்போய் நாலு வருடம். மூன்று வசனத்துக்கு மேல் ஒரு நாளும் கதைத்தவர் அல்ல. போன வருடம் சித்திரை மாதத்தில், கோப்பி நேரம் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"என்ர பேத்தி இங்கிலாந்திலை கலியாணம் கட்டுறாள். நான் பேச வேணும்."

"எத்தினை நிமிசம்?"

"நாலு."

"எப்ப கலியாணம்?"

"ஆறு கிழமையிலை."

இந்த நாட்டில் கலியாண விருந்தென்றால் பேச்சுக்குப் பேச்சு. சூப்புக்குப் பிறகு ஒருவர், இறைச்சிக்குப் பிறகு இரண்டு பேர், இனிப்பு வர முதல் மாமி, மச்சாள், கூட வேலை செய்கிறவர் என்று ஒரு கண்ணாடிக் கிளாசைக் கரண்டியால் தட்டிவிட்டு எழும்பிப் பேசுவார்கள். தாத்தா பேசாமல் இருந்தால், அந்தக் கலியாணம் அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் ஊர் நினைக்கும். அவருக்கு அந்த ஒரு பேத்திதான். பேச்சு டேனிஷில் இருந்தால் மாப்பிள்ளை பகுதிக்கு ஒன்றும் விளங்காது. என்னை விட்டால் அவருக்கு வேறு ஆள் இல்லை, என்னிடமோ ஹோட்டல் வசனத்தை விட்டால் வேறு வசனம் இல்லை. அந்த ஆறு கிழமையும் எனக்குச் சாப்பாடு செமிக்கவில்லை. இங்கிலிஷ்காரருக்கு முன்னால் அந்த மனிதர் என்னுடைய பிழையை வாசித்து, அவர்கள் சிரித்தால்?

முதல் நாள் அவர் தன் பேச்சை டேனிஷில் எழுதிக்கொண்டு வந்தார். ஆறு வரி. "அவள் பரவாயில்லை. பெடியனும் பரவாயில்லை போலத்தான் கிடக்கு. சாப்பாடும் குறையில்லை" என்று போனது. மேற்கு யூலாந்து என்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது உச்சப் புகழ்ச்சி என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கிலாந்தில் இதைச் சொன்னால் அடிதடியில் முடியுமோ என்று பயந்து, நான் இருந்து வேறு எழுதினேன். நான் எழுதினதில் பேத்தி குலவிளக்கு, மாப்பிள்ளை தங்கக் குணம், இரு குடும்பமும் பல்லாண்டு வாழ்க. யாழ்ப்பாணத்துக் கலியாண மைக்கைப் பிடித்து வளர்ந்த கை சும்மா இருக்குமோ?

அவர் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார்.

"இதைச் சொன்னால் அவள் அழுவாள்."

"சந்தோசத்திலைதானே."

"இல்லை. தாத்தாவுக்கு ஏதோ பெரிய வருத்தம், சாகப்போறார் எண்டு நினைச்சு அழுவாள்."

அதுக்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் எங்களுக்குள் பேரம் நடந்தது. நான் ஒரு "வொண்டர்புல்" போடுவேன், அவர் வெட்டுவார். அவர் ஒரு "நொட் பாட்" போடுவார், நான் வெட்டுவேன். கடைசியில் ஒரேயொரு "ப்ரௌட்" விடச் சம்மதித்தார். அதுவும் முடிவுக்குக் கிட்ட, ஒருவரும் கவனிக்காத இடத்தில். நடுவில் ஒரு கதை வைத்தோம். பேத்தி பத்து வயதில் பண்ணைக்கு வந்து நின்றபோது, தாய்ப்பன்றி ஒதுக்கின ஒரு குட்டியை உடுப்புக் கூடைக்குள் ஒளித்துத் தன் அறையில் வைத்திருந்தாளாம். அவர் கண்டும் காணாதது போல இருந்து, ஒவ்வொரு நாளும் கதவடியில் ஒரு போத்தல் பால் வைத்தாராம்.

"இது எனக்கு ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீர் கேக்கேல்லை."

எழுதி முடித்ததை ஓகூஸ் நகரத்தில் படிக்கிற என் மகளுக்கு அனுப்பினேன். தமிழில் கேட்டால் டேனிஷில்தான் மறுமொழி வரும். "அப்பா, நல்லாய்த்தான் இருக்கு, எல்லாரையும் 'சேர்' எண்டு கூப்பிடுறதை மட்டும் எடுங்கோ" என்று எழுதியிருந்தாள். எடுத்தேன்.

கலியாணம் ஒரு சனிக்கிழமை. அன்று நானும் மனைவியும் கோல்டிங் நகரத்தில் எங்கள் தமிழ் ஆட்களின் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போயிருந்தோம். மண்டபத்தில் ஒரு அண்ணை மைக்கைப் பிடித்து இருபது நிமிடம். குழந்தையின் தகப்பன் கிட்டப் போய்க் கையை நீட்ட நீட்ட, அண்ணை மைக்கை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "இன்னும் ஒண்டே ஒண்டு சொல்லிப்போட்டு முடிக்கிறன்" என்றார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பன்றிப்பண்ணைக்காரர். வெளியே ஓடினேன்.

"பட்டியல் இருக்கு" என்றார்.

"என்ன பட்டியல்?"

"பேசுற ஆக்களின்ர பட்டியல். மூண்டு பேர். பொம்பிளையின்ர தகப்பன், மாப்பிளை, மாப்பிளையின்ர சிநேகிதன். இஞ்சை அதுதான் வழக்கமாம். வேறை ஆக்கள் எழும்புறேல்லை."

ஆறு கிழமை எழுத்தைத் திருத்தினோம், உச்சரிப்பைத் திருத்தினோம், பேசலாமோ என்று மட்டும் ஒருவரையும் கேட்கவில்லை. அவர் ஊரிலும் என் ஊரிலும் வாய் உள்ளவன் எழும்பிப் பேசலாம். அதுக்கு உத்தரவு கேட்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

"பேத்தியிட்டைச் சொன்னனீங்களோ?"

"அவளுக்கு இண்டைக்குக் கனக்க வேலை."

"அப்ப அந்தச் சிநேகிதப் பெடியனைக் கேளுங்கோ. நான் வசனம் சொல்லித்தாறன், எழுதுங்கோ. 'ஐயா, உங்களுக்குச் சிரமம் இல்லையெண்டால்...'"

"வேண்டாம். நான் ஒருத்தரையும் கரைச்சல்படுத்த மாட்டன்."

"பிறகு பேச்சு?"

"சேட்டுப் பொக்கற்றிலை கிடக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

உள்ளே அண்ணை இன்னும் முடிக்கவில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆர் செத்தது?"

விசயத்தைச் சொன்னேன்.

"உங்கட அண்ணையிட்டை இருந்து அஞ்சு நிமிசம் புடுங்கி அவருக்குக் குடுத்தால் என்ன?" என்றாள். பிறகு, "பதகளியாதேங்கோ. பேச நினைச்ச மனிசன் எப்பிடியும் பேசும்" என்று ஐஸ்கிறீமை என் பக்கம் தள்ளினாள்.

அவள் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவள், கிழவர்களை அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் ஐஸ்கிறீம் இறங்கவில்லை. ஞாயிறும் திங்களும் நாலு தரம் போனைக் கையில் எடுத்து, அவருக்கு அந்தரமாக இருக்கும் என்று வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். அன்று அவருடைய கேக் முறை. தட்டைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்தார், வந்து இருந்தார், பாட்டுப் பாடினார். நான் என்ன படிப்பித்தேன் என்று எனக்குத் தெரியாது. கோப்பிக்கு முதல் சொந்தக் கதை கதைக்கிற பழக்கம் அங்கே இல்லை. கோப்பி வார்த்து, கேக் வெட்டி, எல்லாருடைய தட்டிலும் வைத்து முடிந்த பிறகுதான் தலைவி கேட்டார்: "சரி, எப்பிடிக் கலியாணம்?"

"பரவாயில்லை" என்றார்.

"பேச்சு?" என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது.

கேக்கை மென்று விழுங்கினார். "கலியாணத்திலை பேசேல்லை. மற்ற நாள் காலமைச் சாப்பாட்டிலை பேசினன்."

ஞாயிறு காலை, ஹோட்டலில், இரண்டு குடும்பமும் ஒரு நீள மேசையில் இருந்து முட்டை சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த மேசைக்குப் பட்டியல் இல்லை. இவர் தோடம்பழச்சாற்றுக் கிளாசைக் கரண்டியால் தட்டியிருக்கிறார். மாப்பிள்ளை பகுதிக்கு அது என்னவென்று தெரியவில்லை, பரிமாறுகிற பிள்ளையைக் கூப்பிடுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையும் அப்படித்தான் நினைத்துக் கோப்பிக் கேத்தலோடு ஓடி வந்து "யெஸ், சேர்?" என்று பக்கத்தில் நின்றிருக்கிறாள். இவர் எழும்பிப் பேப்பரை விரித்துவிட்டார். பிள்ளைக்குப் போகவும் ஏலாது, நிற்கவும் ஏலாது. நாலு நிமிடமும் கேத்தலைப் பிடித்தபடி நின்று கேட்டாளாம்.

"பேத்தி?" என்று தலைவி கேட்டார்.

"தட்டினவுடனை அவளுக்கு விளங்கிட்டுது. கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் கீழை வைச்சாள்." பிறகு சொன்னார்: "பன்றிக்குட்டிக் கதை வந்த இடத்திலை சாப்பாட்டுத் தட்டைப் பாத்துக்கொண்டு இருந்தாள். பால் போத்தலை நான் வைச்சது அவளுக்கு இவ்வளவு காலமும் தெரியாது. அம்மம்மா வைச்சது எண்டு நினைச்சிருக்கிறாள்."

மேசையில் ஒருவரும் கேக்கைத் தொடவில்லை. உழவு மெசின்காரர் மூக்கைச் சிந்தினார்.

"ஆரும் சிரிச்சவையோ? இங்கிலிஷுக்கு?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"ரெண்டு இடத்திலை. சிரிக்க வேண்டிய இடத்திலைதான்."

அப்போதுதான் நான் கேக்கை வாயில் வைத்தேன். நல்ல கேக். கடையில் வாங்கினது, ஆனால் நல்ல கேக்.

"ஒரு பிரச்சினை இருக்கு" என்றார் அவர். "மாப்பிளையின்ர தாய் தகப்பன் வந்து கையைப் பிடிச்சுக்கொண்டு, பண்ணையைப் பாக்க வேணும் எண்டு சொன்னவை. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ஆடி மாதம் வருகினம்."

"எத்தினை நாள்?"

"ஒரு கிழமை."

நாலு நிமிடத்துக்கு ஆறு கிழமை எடுத்த மனிதர். ஏழு நாள், மூன்று வேளை சாப்பாடு, மழை பெய்தால் வெளியில் போகவும் ஏலாது. கணக்குப் பார்க்கத் தொடங்கினேன், பிறகு விட்டுவிட்டேன். எழுதுகிற கொப்பியை எடுத்து நேரே ஒரு கோடு இழுத்தேன்.

"சரி, முதல் நாள் அவையளுக்கு என்ன காட்டுவியள்?"

"பன்றியளை."

எழுதினேன். "ரெண்டாம் நாள்?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்து நல்லாக யோசித்தார்.

"மற்றப் பன்றியளை."

மூன்றாம் நாளுக்கு நேரே கேள்விக்குறி போட்டேன். தலைவி எங்கள் இரண்டு பேருக்கும் இன்னொரு கோப்பி வார்த்தார்.