வேலிக்குக் கேட்ட விதை நெல்

அரிசியை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்க்காமல் டோ மியா சின் உலையில் போடமாட்டார். "எங்க ஊரு அரிசி. என் தம்பி வயல்ல வெளஞ்சதாக்கூட இருக்கும்" என்பார். பிறகு அடுப்பு விறகை ஓர் உதை உதைப்பார். கோபம் அவருக்கு அப்படித்தான் வரும்.

மலையடிவாரத்து ராணுவ விடுதியில் பத்து வருடமாக அந்த அம்மாதான் சமையல். இப்போது வடக்கேயிருந்து வந்த ஆறு அயல்நாட்டுப் பொறியாளர்களுக்கும் சேர்த்துப் பொங்குகிறார். காட்டுக்குள் அவர்கள் பூட்டும் இயந்திரங்கள் அணுகுண்டுக்கானவை என்பது ஊரறிந்த ரகசியம். அதற்குக் கூலி நெல். வரி என்று சொல்லி ஊர் ஊராக வாரிக் கப்பலேற்றுகிறார்கள். இந்த முறை தம்பியின் விதை நெல்லுக்கும் சீட்டு வந்துவிட்டது. கொடுத்துவிட்டால் மழை பெய்தும் வயல் தரிசுதான்.

விடுதிப் பொறுப்பாளர் கர்னல் ஜேயா டுனிடம் கேட்டுப் பார்த்தார்.

"விதையையாவது விட்டுடுங்க ஐயா."

"அக்கா, உலகத்துல எவனும் நமக்கு ஓர் ஆணிகூட விக்கமாட்டேங்கிறான். இந்த விருந்தாளிங்க நாட்டையும் ஒதுக்கித்தான் வெச்சிருக்காங்க. ஒதுக்கப்பட்டவனுக்கு ஒதுக்கப்பட்டவன்தான் கூட்டு. அவங்ககிட்ட வித்தை இருக்கு, நம்மகிட்ட அரிசி இருக்கு. குண்டு கைக்கு வந்துட்டா எவனும் நம்ம மேல கை வைக்கமாட்டான்."

அடுக்களைக்கு வந்ததும் டோ மியா சின் கொதித்தார்: "இதுவரைக்கும் எங்க மேல கை வெச்சவன் நீதானடா. வேற எவன் வந்தான்?"

அதில் என்ன பொய்? வேலியே பயிரை மேய்கிறது. மேய்ந்துவிட்டு, இன்னும் உயரமான வேலி போட விதையையும் கேட்கிறது.

விருந்தாளிகள் மேலும் காட்டம்தான். "நம்ம சோத்தத் தின்னு கொழுக்கிறானுங்க" என்று புளிச்சகீரையைக் கிள்ளியபடி திட்டுவார். ஆனாலும் மதியம் அவர்களில் மூத்தவர் சாப்பிட உள்ளே நுழைந்ததும், "சாப்பிட்டாச்சா?" என்றார். எங்கள் நாட்டில் அது வெறும் வணக்கம். யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அதைக் கேள்வியாகவே சொல்லிவிட்டார்.

அந்த மனிதர் நின்றுவிட்டார். மெல்லிய குரலில் அவர் சொன்னது தமக்கையிடம் சொல்வதுபோல் வந்தது.

"எனக்கு இங்க குறையில்லக்கா. ஊர்ல என் பொண்டாட்டி புள்ளைங்க அரிசியைக் கண்ணால பாத்து ஒரு வருஷம் ஆச்சு."

"அப்ப கப்பல்ல போன எங்க அரிசி?"

"அது எங்க பட்டாளத்துக்கு."

டோ மியா சின் அடுப்படிக்குப் போனார். பானையைத் தூக்கி வந்தார். இருந்த சோற்றையெல்லாம் அடிவரை சுரண்டி அந்த மனிதரின் தட்டில் குவித்தார். அப்போதுதான் வந்து உட்கார்ந்த கர்னல், தம் தட்டை முன்னே தள்ளினார்.

அந்தத் தட்டின்மேல் வெறும் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றி அங்கேயே நின்றார் டோ மியா சின்.