கண்ணாடியை மூடிய துண்டு

ஐந்தாம் வகுப்பில் என்னைப் புளுகி என்று பெஞ்சு மேல் ஏற்றிய வாத்தியார் மீது எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. மாமா மீது இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. அது தீர்ந்த விதத்தை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

மாமா அம்மாவுக்குத் தம்பி. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில், வெளிச்சவீட்டில் வேலை. கப்பலும் கட்டுமரமும் பாறையில் மோதாமலிருக்க இரவெல்லாம் விளக்கைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக்கு வருவார். வந்தால் விடிந்ததும் கூடத்து நிலைக்கண்ணாடி மேல் தன் துண்டைப் போட்டு மூடுவார். பொழுது சாயும்போது எடுப்பார். தலைவார முடியாமல் அம்மா திட்டுவாள். காரணம் எனக்கு மட்டும் தெரியும். அங்கே விளக்கைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கண்ணாடி உண்டாம். பகலில் திரை போடாவிட்டால் வெயில் அதில் குவிந்து விளக்கையே பொசுக்கிவிடுமாம். அவர் கை அப்படிப் பழகிவிட்டது.

அது யுத்த காலம். பாடத்தில் கலங்கரை விளக்கம் வந்தது. வைகையில் முழங்கால் தண்ணீருக்கு மேல் பார்த்திராத வகுப்பில் நான் எழுந்து, அந்த விளக்குக்குப் பகலில் திரை போடுவார்கள், என் மாமாதான் போடுகிறார் என்றேன்.

“பகல்ல எரியாத விளக்குக்கு எதுக்குடி திரை? அதுக்கு என்ன கண்ணு கூசுதா?” என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொல்லிவிட்டுப் பெஞ்சு மேல் நின்றேன்! அன்றிலிருந்து தெருவில்கூட எனக்குப் புளுகி என்றே பெயர்.

அந்த வாரமே மாமா லீவில் வந்தார். பள்ளிக்கூடத்துக்கு வந்து சொன்னால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தேன்.

“இம்புட்டுக் கோவம் ஆகாது தாயி. வாரேன், வந்து சொல்றேன்” என்று சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார்.

வகுப்பு வாசலில் வாத்தியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதான் வெளிச்சவீட்டு மாமாவா? ஜப்பான்காரன் கப்பல் வருதுங்கிறாங்களே, உங்க விளக்கு இப்பவும் எரியுதா?”

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சட்டை நுனியைப் பிடித்து முறுக்கினார்.

“நான் உப்பளத்துல குமாஸ்தா சார். பிள்ளைக்கு ஏதோ கதை சொன்னேன், நம்பிருச்சு.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை பிள்ளைகள் முன்னால் மறுபடியும் பெஞ்சு மேல் ஏறினேன். இந்தமுறை ஏற்றிவிட்டவர் என் சொந்த மாமா.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால், துண்டு கண்ணாடி மேலேயே கிடந்தது. பொழுது சாய்ந்து அம்மா விளக்கேற்றியும் மாமா அதை எடுக்கவில்லை. நான் உருவித் தரையில் எறிந்தேன்.

“உப்பளத்துக் குமாஸ்தாவுக்குத் துண்டு எதுக்கு? நீங்கதான் புளுகர்!”

அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். மாமா துண்டை எடுத்து உதறி மறுபடி கண்ணாடியை மூடினார். “இருக்கட்டும் தாயி” என்றார். மறுநாள் அவர் ரயிலுக்குக் கிளம்பியபோது கொல்லையில் ஒளிந்துகொண்டேன். யுத்தம் முடியும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

முடிந்த பிறகுதான் அம்மா சொன்னாள். எதிரிக்கு வழி தெரியக்கூடாதென்று அந்த விளக்கை அணைக்கச் சொல்லி உத்தரவாம். அதைப்பற்றி மூச்சுவிடக் கூடாதென்று மாமாவிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்களாம். விளக்கு எரியாதது கடலில் போகிற அத்தனை பேருக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும். பிறகு யாரிடம் மறைத்தார்கள்? மதுரையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமா? அந்த லீவுக்கு முந்தின வாரம் ஒரு கட்டுமரம் இருட்டில் பாறையில் மோதி உடைந்திருக்கிறது. விடிந்ததும் இரண்டு உடல்களைக் கரைக்குத் தூக்கி வந்தவர் மாமா.

அங்கே வெளிச்சவீட்டில் பொழுது சாய்ந்தும் திரை எடுக்கப்படவில்லை. இங்கே துண்டு கண்ணாடி மேலேயே கிடந்ததைப் பார்த்து, வேஷம் கலைந்துவிட்டது, இனி எதற்கு எடுக்கப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.