சோப்புப் போட்டுக் கழுவிய மோக்கா

தோன் கத்தேல்லோவுக்கு நான் இரண்டாயிரத்து நானூறு லிரா கடன்பட்டிருந்தேன். இன்று எங்கள் துறைமுக ஊரான தோர்ரே அன்னுன்சியாத்தாவில் எனக்கு மூன்று கடைகள். மூன்று பலகையிலும் என் பெயர். அந்தப் பெயரை எழுதவே முப்பது வயதில்தான் கற்றேன். யார் தயவிலும் வளர்ந்தவனில்லை. ஆனால் அந்த ஒரு கடனை மறைக்கமாட்டேன்.

அப்போது வயது இருபத்திரண்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. ரஃபிலினாவைப் பெண் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவள் அம்மா தோன்னா அசுந்தா விதவை, லேசில் மசிகிறவள் அல்ல. நான் எப்பேர்ப்பட்ட உழைப்பாளி என்று காட்ட வேண்டாமா? சாப்பிட்டதும் சமையலறைக்குள் புகுந்து எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்தேன். அடுப்பின் மேல், உள்ளே கன்னங்கரேலென்று, காபி போடும் மோக்கா, இடுப்பில் திருகிப் பூட்டும் அலுமினியக் கெண்டி, ஒன்று இருந்தது. அதையும் விடவில்லை. சோப்பும் மணலும் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். என் கைக்கு அவ்வளவு வலு.

அசுந்தா அதில் காபி போட்டாள். ஒரு வாய் குடித்துத் தொட்டியில் துப்பினாள்.

"அடப்பாவி! இதுக்குள்ள சோப்பா போட்ட?"

"சுத்தமா இருக்கட்டும்னுதாம்மா..."

"பதினஞ்சு வருஷம் என் புருஷன் கையால போட்ட காபிடா, உள்ள படிஞ்சு கெடந்துச்சு. வெறும் தண்ணியிலதான் அலசுவாரு. அவரு போயும் அந்த ருசி போகல. அரை மணி நேரத்துல கழுவி ஊத்திட்டியே!"

ரஃபிலினா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க வீட்ல மோக்காவே கெடையாதா?"

கிடையாது. நாங்கள் வறுத்த பார்லியைச் சட்டியில் கொதிக்கவைத்துக் குடித்தவர்கள். அதை எந்த வாயால் சொல்வேன்?

"வர்ற ஞாயித்துக்கெழமை எனக்கு ஒரு மோக்கா கொண்டா. வாயில வைக்கிற மாதிரி காபி வரணும். இல்லேன்னா இந்தப் படி ஏறாத. ரொட்டிக்கடைக்காரன் மகன் கேட்டுட்டேதான் இருக்கான்" என்றாள் அசுந்தா.

பாத்திரக்கடையில் விலை இரண்டாயிரத்து நானூறு. என்னிடம் மொத்தமே தொள்ளாயிரம். பழைய சாமான் சந்தையில் அந்தத் தொள்ளாயிரத்துக்கே ஒன்று கிடைத்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு அடுப்பில் வைத்தேன். அதன் இடுப்பெல்லாம் ஆவி பீறிட்டது, கைப்பிடி உருகி விழுந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியாது.

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. அந்த வாரம் ஒரு கப்பலும் வரவில்லை. மேஸ்திரியிடம் முன்பணம் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் ரயிலடிக் காபிக்கடைக்காரர் கத்தேல்லோ முன்னால் போய் நின்றேன்.

"என் கடையில ஒரு காபிகூட நீ குடிச்சதில்ல. உனக்கு எதுக்குடா கடன்?"

சொன்னேன். மனுஷன் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மோக்காவுக்கு சோப்பு போட்டானாம்! எல்லாரும் இவன் மூஞ்சியப் பாத்துக்குங்கப்பா, நாளைக்கு மாப்பிள்ளைன்னு வருவான்!" கடையே சிரித்தது. நான் நகரவில்லை. வேறு எங்கே போவது?

சிரித்து முடித்துப் பணத்தை எடுத்து நீட்டினார். "புதுசுல காபி தகரத்த நக்கின மாதிரி இருக்கும். நாலஞ்சு தடவ போட்டுக் கீழ ஊத்தணும். தூளுக்குக் காசு இருக்கா?"

"இல்ல."

காபி இயந்திரத்திலிருந்து தட்டிக் கொட்டிய சக்கையை ஒரு பை நிறையக் கொடுத்தார்.

சனிக்கிழமை முழுக்கப் புது மோக்காவில் சக்கையைப் போட்டுப் போட்டு ஊற்றினேன். ஐந்தாவது தடவையும் தகரம். ஏழாவதும் தகரம். ஒன்பதாவதில் நாக்கே மரத்துவிட்டது. நல்லதா கெட்டதா தெரியாமலே ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போனேன்.

அசுந்தா தன் தூளைப் போட்டுக் காய்ச்சினாள். குடித்தாள். கோப்பையைக் கீழே வைக்கவே இல்லை.

"அவரு காபி இல்ல" என்றாள். பிறகு, "துப்புற மாதிரியும் இல்ல. பணம் ஏது?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"கடங்காரனுக்கு நான் பொண்ணு குடுக்கமாட்டேன். அடைச்சிட்டு வா. நான் கண்ணால பாக்கணும்."

ஏழு வாரம். மதியச் சாப்பாட்டை விட்டேன். மற்றவன் இரண்டு மூட்டை தூக்கினால் நான் மூன்று. நாலாம் வாரம் தோள் புண்ணாகிச் சட்டை ஒட்டிக்கொண்டது. அந்த வாரமும் மூட்டை தூக்கப் போனேன். ரொட்டிக்கடைக்காரன் மகன் ரஃபிலினா வீட்டுக்கு இனிப்பு அனுப்பினான் என்று கேள்விப்பட்ட அன்று கடலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

எட்டாவது திங்கட்கிழமை காலை, கறுப்பு உடையில் அசுந்தா காபிக்கடைக்கே வந்து என் பக்கத்தில் நின்றாள். கத்தேல்லோ சிரிக்காமல் உள்ளங்கையை விரித்தார். நான் ஒவ்வொரு நூறாக வைக்க, அவள் வாய்விட்டு எண்ணினாள்.

"இருபத்திரண்டு... இருபத்திமூணு... ம், இன்னும் ஒண்ணு."

சட்டைப் பைக்குள் கையை விட்டேன். இரண்டு ஐம்பது லிரா நாணயங்கள், என் வியர்வையில் ஒட்டிக்கிடந்தன. பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அவர் கையில் வைத்தேன்.