ஹென்றி தண்டலின் ஈட்டி வளையம்

தூத்துக்குடி புறவழிச் சாலையில், துறைமுகத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு லாரி எடைமேடை இருக்கிறது. அதன் கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஹென்றியை ஒரு தடவையாவது தோற்கடித்துவிட வேண்டும் என்று உப்பு லாரி ஓட்டுநர்கள் தலைகீழாக நின்று பார்த்துவிட்டார்கள். எல்லாம் செல்போனில்தான். பழங்காலத்துப் போர் விளையாட்டு அது. ஆளுக்கு ஒரு படை, நடுவில் ஒரு பொட்டல்காடு, கடைசிவரை நிற்கிறவன் ஜெயித்தவன். விளையாட வருகிறவன் முதலில் குதிரையும் யானையுமாக வாங்கிக் குவிப்பான். ஹென்றி வாங்குவது வெறும் காலாட்கள். இருப்பதிலேயே மலிவான ஈட்டிக்காரர்கள். அவர்களை ஒரு மேட்டில் வளையமாக நிறுத்துவான். கேடயத்தோடு கேடயம் ஒட்டியிருக்கும், ஈட்டிகள் எல்லாம் வெளிப்பக்கம் நீட்டியிருக்கும். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு டீயைக் கையில் எடுப்பான்.

"என்ன அண்ணாச்சி, சண்டைக்கு வராம குத்தவச்சிருக்கீய?"

"நீ வாலே. நான் எங்கயும் போகல."

வருவான். குதிரை எல்லாம் ஈட்டியில் போய் விழும். கொஞ்சம் விவரமானவன் என்றால் தோற்று ஓடுவது போலப் போக்குக் காட்டுவான். வளையத்தில் நிற்கும் ஈட்டிக்காரர்களில் ஒரு கூட்டம் ஆத்திரத்தில் துரத்திக்கொண்டு வெளியே ஓடும். ஓடியவர்களை நடுக்காட்டில் வைத்துச் சுற்றி வளைத்துவிடுவான். மற்றவர்கள் தோற்பது இங்கேதான். மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று வளையத்தைத் திறப்பார்கள். திறந்த வழியாகக் குதிரை உள்ளே புகுந்துவிடும். ஹென்றி திறக்கமாட்டான். விழுந்த ஓட்டையைப் பக்கத்து ஆளை நகர்த்தி அடைப்பான்.

"போனவன் போனவன்தான்" என்பான். அவனுடைய போர்த்தந்திரம் மொத்தமும் அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருப்பவர்கள், "கல்நெஞ்சுக்காரருய்யா" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்.

எடைமேடைக்கு வருமுன் ஹென்றி தண்டலாக இருந்தான். மாலத்தீவுக்குக் காய்கறியும் கருங்கல் ஜல்லியும் ஏற்றிப்போகும் தோணி ஒன்றுக்கு அவன்தான் தலைவன். அவனையும் சேர்த்து ஏழு பேர். அந்த ஏழில் ஒருவன் பவுல், தங்கை ஸ்டெபியின் புருஷன். விசைப்படகில் மீன்பாடு இல்லாமல் பவுல் வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம், ஸ்டெபியே அண்ணனைத் தேடி வந்தாள்.

"ஒன் தோணியிலயே கூட்டிட்டுப் போண்ணே. வேற எவங்கூடயும் நான் அனுப்பமாட்டேன்."

இந்தக் கரையில் முத்துக்குளித்த நாளில் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே தோணியில் அவன் மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவள் தாலியறுப்பதை எந்த அண்ணனும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. முத்தும் போய்க் குளியும் போய்விட்டது; நம்பிக்கை மட்டும் பெண்கள் மனதில் அப்படியே கிடக்கிறது. ஹென்றியும், "நான் பாத்துக்கிடுதேன், நீ போளா" என்று பெரிய மனிதனாகச் சொல்லி அனுப்பினான். அந்த வாய் அன்றைக்குச் சும்மா இருந்திருக்கலாம்.

நடுக்கடலில் சாயங்காலம் வேலை ஓய்ந்தால் தோணியில் இந்த விளையாட்டுதான். ஹென்றி ஆட, மற்றவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். பவுல் போனைப் பிடுங்கி ஆடினால் தோணியே சிரிக்கும். வெளியே மாட்டிக்கொண்ட நாலு பேருக்காக மொத்த வளையத்தையும் திறந்துவிடுவான். கண்மூடித் திறப்பதற்குள் படை காலி.

"ஏலே, அது பொம்மைல" என்று ஹென்றி தலையில் அடித்துக்கொள்வான்.

"பொம்மைன்னா என்ன மச்சான், நம்ம பொம்மைலா? பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லுதியளா?"

மாப்பிள்ளைக்குப் போர் வராது, பாசம்தான் வரும் என்று ஹென்றி கிண்டல் செய்வான். உள்ளுக்குள் தங்கைக்கு நல்லவன் வாய்த்தான் என்று சந்தோஷமாகவும் இருக்கும்.

போன வருஷத்துக்கு முந்திய கார்த்திகையில் அந்தத் தோணி முழுகியது. காற்றும் மழையுமாக விடிந்த ஒரு காலை. அடிப்பலகை ஒன்று பிளந்து தண்ணீர் ஏற, ஜல்லித் தூசி அடைத்து பம்பும் நின்றுவிட்டது. கல் பாரம் வேறு. பொழுது ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. கையில் மிஞ்சியது நைலான் கயிற்றால் சேர்த்துக் கட்டிய இரண்டு நீல டிரம்மும், ஏழு உயிரும்.

ஹென்றி டிரம்மை நடுவில் விட்டு ஏழு பேரையும் சுற்றி நிறுத்தினான். ஒருவன் முழங்கையில் அடுத்தவன் கையைக் கோத்துக்கொள்ள வேண்டும், நீந்தத் தெரியாதவனுக்கு இரண்டு பக்கமும் நல்ல நீச்சல்காரன். நீந்தத் தெரியாதவர் ஒருவர்தான், சமையல்காரர் மாசானம். தாமிரபரணிக் கரையில் நெல் விதைத்துக்கொண்டிருந்து, விவசாயம் கைவிட்டதால் ஐம்பது வயதுக்குமேல் தோணியில் கரண்டி பிடிக்க வந்த மனிதர். அவருக்கு ஒரு பக்கம் பவுல், மறுபக்கம் விக்டர் என்ற இளவட்டம்.

"என்ன நடந்தாலும் கைய விடக் கூடாது. விட்டா எல்லாரும் செத்தோம்" என்றான் ஹென்றி.

அலை ஒவ்வொன்றும் வளையத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அப்படி வந்த ஒரு முரட்டு அலையில் மாசானத்தின் கை இரண்டு பக்கமும் நழுவிவிட்டது. மனிதர் வெளியே போய் முங்கி முங்கி எழுந்தார். பவுல் யோசிக்கவே இல்லை.

"போவாதல! பவுலு, போவாத!"

கேட்டால்தானே. போய், மாசானத்தின் தலைமயிரைப் பிடித்து இழுத்து, வளையத்துப் பக்கம் தள்ளிவிட்டான். விக்டர் சட்டையைப் பிடிக்க, ஹென்றி தோளைப் பிடிக்க, கிழவர் உள்ளே வந்துவிட்டார். ஆனால் பவுலுக்கு அதோடு மூச்சு தீர்ந்துவிட்டது. தண்ணீர் குடித்திருந்தான். கையை அடிக்கிறான், நகரமாட்டேன் என்கிறது. நீரோட்டம் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தது. தூரம் என்று பார்த்தால் ஒரு தோணி அகலம்தான் இருக்கும்.

"மச்சான்!" என்று கூப்பிட்டான்.

"தண்டல், நான் போறேன்" என்றான் விக்டர். "இல்லன்னா டிரம்முக் கயித்த அவுங்க, எறிஞ்சிப் பாப்போம்."

கயிற்றை அவிழ்த்தால் டிரம் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போய்விடும். விக்டர் போனால் மாசானமும் போவார், அந்தப் பக்கம் கை கோத்திருக்கிறவனும் போவான். ஹென்றியின் மூளை இதையெல்லாம் எவ்வளவு சுத்தமாக எண்ணிப் பார்த்தது என்பதை நினைத்தால் அவனுக்கே அருவருப்பாக இருக்கும்.

"எவனும் கைய விடாதிய. நெருங்கி வாங்க. அந்த எடத்த அடைங்க."

"மச்சான்!"

பவுல் நின்ற இடத்தை அடைத்துக்கொண்டார்கள். ஹென்றி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அதையாவது செய்தான். தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. பிறகு அங்கே கடல் மட்டும்தான் இருந்தது.

மதியத்துக்குமேல் ஒரு சரக்குக் கப்பல் அவர்களைப் பார்த்துத் தூக்கியது. கலைந்து போயிருந்தால் ஒருத்தன்கூட மிஞ்சியிருக்கமாட்டான் என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். ஊருக்கு வந்ததும் பத்திரிகையில் படம் வந்தது, தோணி முதலாளி சால்வை போட்டார். தப்பித்தவர்களின் பெண்சாதிகள் வந்து அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பவுலின் உடம்பு கிடைக்கவில்லை. மாதா கோயிலில் வெறும் பெட்டியை வைத்துப் பூசை நடந்தது.

பெரிய அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் ஆறு பேரும் ஸ்டெபியிடம் சொல்லியிருந்தார்கள். பேசி வைத்துக்கொண்ட பேச்சு. அதிலேயே ஹென்றி நின்றிருக்கலாம், உலகத்தில் ஒருவரும் அவனைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் ஒரு நாள் ஸ்டெபி அவன் வீட்டுக்கு வந்து, நாற்காலியில்கூட உட்காராமல் கேட்டாள்.

"மாசான அண்ணாச்சி என்னப் பாத்தா அழுதாரு, வாயத் தொறக்கமாட்டேங்காரு. நீ சொல்லு. அவுக எம்புட்டுத் தூரத்துல இருந்தாவ?"

தங்கை முகத்தைப் பார்த்து ஹென்றிக்குப் பொய் வரவில்லை.

"பக்கத்துலதான்."

"கூப்புட்டாவளா?"

"கூப்புட்டான்."

"என்னன்னு?"

"மச்சான்னு."

"கயிறு இருந்துச்சா?"

"இருந்துச்சு. டிரம்மக் கட்டியிருந்துச்சு. அவுத்திருந்தா ஒருத்தரும் பொழச்சிருக்கமாட்டோம் ஸ்டெபி."

அவள் கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தான். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆறு பேரு வீடு வந்து சேந்துட்டிய. அதுல நான் குத்தம் சொல்லல. ஆனா அதுக்கு ஒரு தண்டல் போதும்லா? நான் எங்க அண்ணங்கிட்டல்லா அனுப்பி வச்சேன்."

அவ்வளவுதான். போய்விட்டாள். அன்றோடு ஹென்றி கடலுக்குப் போவதை விட்டான், எடைமேடைக்கு வந்தான். விளையாட்டை மட்டும் விடவில்லை. நாள் முழுக்க ஆடுகிறான், எல்லாரையும் ஜெயிக்கிறான், இன்றுவரை வளையத்தை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. பிடிவாதம் என்று ஓட்டுநர்கள் நினைக்கிறார்கள். பிடிவாதமெல்லாம் இல்லை, பயம். ஒரே ஒரு தடவை திறந்து, மாட்டிக்கொண்டவர்களையும் மீட்டு, ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டால் பிறகு அவன் எப்படித் தூங்குவது?

இந்தப் பங்குனியில் ஸ்டெபியின் மகள் ஜெனிஸ் பெரிய பெண் ஆனாள். சடங்குக்குத் தாய்மாமன் வேண்டும். மாலை போட, பட்டு கொடுக்க, முன்னால் நிற்க. ஸ்டெபி யாரைக் கூப்பிடுவாள் என்று ஊரே வாய் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாசானம் எடைமேடைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஸ்டெபி என்னய மாமன் மொறைக்கு நிக்கச் சொல்லுதா தம்பி. நான் வேற சாதி, வேற சாமி. என்ன செய்ய?"

ஹென்றி சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"நில்லுங்க அண்ணாச்சி. அவன் ஒங்களத்தான தூக்கிட்டு வந்தான்."

மறுநாள் பஜாருக்குப் போய் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப் பாவாடையும் தாவணியும் எடுத்தான். பெயரைச் சொல்ல வேண்டாம், உங்கள் சீராகவே கொடுத்துவிடுங்கள் என்று மாசானம் கையில் திணித்தான்.

சடங்கன்று மத்தியானம் அவனுக்கு ஆட்டம் ஓடவில்லை. கேட்டுக்கும் சாலைக்கும் நடந்துகொண்டிருந்தான். வெயில் சாயும் நேரத்தில் மாசானம் புது வேட்டியில் வந்து இறங்கினார். ஒரு கையில் அதே துணிக்கடைப் பை, மறுகையில் ஒரு சோற்றுப் பொட்டலம்.

"பிரிக்கல தம்பி" என்று பையை நீட்டினார். "யாரு எடுத்ததுன்னு கேட்டா. எனக்குப் பொய் சொல்ல வரல."

"ஏசுனாளா?"

"ஒரு வார்த்த ஏசல. திருப்பிக் கொண்டு போங்கன்னா. பந்தி முடிஞ்சி நான் கெளம்பும்போது சோறு கட்டிக் குடுத்தா."

ஹென்றியின் முகம் மாறியது. "எனக்குன்னு சொல்லியா குடுத்தா?"

மாசானம் பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினார்.

"என்ன சொன்னா அண்ணாச்சி? அவ சொன்னத அப்படியே சொல்லுங்க."

"'போற வழியில எடமேட கேட்டுல ஒருத்தரு இருப்பாரு. அவருக்கும் குடுத்துருங்க'ன்னா."

ஹென்றி தலையை ஆட்டினான். கை கழுவிவிட்டு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான். ஆட்டுக்கறிச் சோறு, இன்னும் சூடு ஆறவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் ஹென்றி எழுந்துபோய் கேட்டைத் திறந்தான்.